ஸிக்கா: கர்ப்பிணி மட்டும் கவனமாக இருந்தால் போதாது

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் என் சித்தி மகள் போன் செய்தாள். ஒன்பது வாரக் கர்ப்பம், வீட்டுப் பெரியவர்களுக்கே அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். "அக்கா, எங்க புளோக்குக்குக் கீழே கொசு எச்சரிக்கைப் பதாகை கட்டியிருக்காங்க. நீங்க அந்த வருஷம் என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள். அவள் சொன்ன அந்த வருஷம் 2016, சிங்கப்பூரில் ஸிக்கா பரவிய வருஷம். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம், குடியிருந்தது மெக்பர்சனில், அல்ஜுனிட் கிரசென்ட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகு, இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவுமே என்று தோன்றியது.

அந்த ஆகஸ்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொசுவால் பரவும் இந்த ஸிக்கா எப்படிப்பட்ட நோய் என்பது அதிலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் ஸிக்கா நோயாளி 2016 மே மாதத்தில் பிரேசிலிலிருந்து திரும்பிய ஒருவர், அது வெளியிலிருந்து வந்த தொற்று. உள்ளூரிலேயே பரவியது என்று முதன்முதலாக அறிவித்தது ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. அல்ஜுனிட் கிரசென்ட்டில் வசித்த ஒரு பெண். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை 41 ஆகிவிட்டது. ஒரே இரவில் நாற்பது பேருக்கு நோய் வந்துவிடவில்லை. சிம்ஸ் டிரைவ் பக்கம் இருந்த ஒரு சின்ன மருந்தகத்தின் மருத்துவர், லேசான காய்ச்சலும் தோல் தடிப்புமாக வருகிறவர்கள் வழக்கத்துக்கு மாறாகக் கூடுவதைக் கவனித்துத் தகவல் கொடுத்திருந்தார். அதன் பிறகு பழைய நோயாளிகளைத் தேடித் தேடிப் பரிசோதித்ததில் கிடைத்த எண்ணிக்கை அது. 41 பேரில் 36 பேர் பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த வெளிநாட்டு ஊழியர்கள். அறிவிப்பு வந்தபோது 34 பேருக்கு உடம்பு முழுக்கச் சரியாகிவிட்டிருந்தது.

அந்த 34 என்ற எண்தான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. நோய் வந்து, போய், வேலைக்கும் திரும்பியாயிற்று, அதற்குப் பிறகுதான் அது ஸிக்கா என்றே தெரிகிறது. இதிலும் இவர்கள் ஏதோ ஓர் அறிகுறி இருந்ததால் கண்ணில் பட்டவர்கள். ஸிக்கா தொற்றும் ஐந்து பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் வராது, காய்ச்சலும் கிடையாது, தடிப்பும் கிடையாது. மீதி ஒருவருக்கு, கடிபட்ட 3 முதல் 14 நாளுக்குள் லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, சீழ் இல்லாமல் கண் சிவப்பது, மூட்டு வலி, இப்படி வந்து ஒரு வாரத்தில் போய்விடும். டெங்கியை அனுபவித்தவர்கள் இதை ஒரு நோய் என்றே மதிக்க மாட்டார்கள். அரிதாகச் சிலருக்கு கியான்-பாரே என்ற நரம்புப் பாதிப்பு வந்து கைகால் தளர்ந்து போகும், அது பெரிய விஷயம்தான். மற்றபடி பெரும்பாலானவர்களுக்கு ஸிக்கா வந்ததே தெரியாது.

கஷ்டமே இங்கேதான். இந்த நோய் யாரைக் கடுமையாகத் தாக்குமோ அந்தப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அதன் அம்மா எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், கிருமியை அவளிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவளைச் சுற்றி நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். கணவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், கீழே கட்டட வேலை செய்யும் தம்பியாக இருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, யார் மேலும் குற்றமில்லை. ஆனால் நம் வீடுகளில் கர்ப்பம் என்றாலே எல்லா அறிவுரையும் அவள் தலைமேல்தான் விழுகிறது. பப்பாளி சாப்பிடாதே, மாலையில் வெளியே போகாதே, மருந்து பூசிக்கொள். மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

கிருமியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947இல் உகாண்டாவின் ஸிக்கா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டுபிடித்தார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. டெங்கி, மஞ்சள் காய்ச்சல் கிருமிகளுக்கு இது பங்காளி. அறுபது ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2007இல் பசிபிக் பெருங்கடலின் யாப் தீவு, 2013இல் பிரெஞ்சு பாலினீசியா, 2015இல் பிரேசில் என்று பரவி, பிரேசிலில் சிறிய தலையுடன் குழந்தைகள் பிறப்பது திடீரெனக் கூடியபோதுதான் உலகம் விழித்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அனைத்துலக அவசரநிலை அறிவித்தது, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டது. அவசரநிலை முடிந்ததே தவிர கிருமி எங்கேயும் போய்விடவில்லை. நம் ஊரில் 2016இல் பரவிய கிருமியின் மரபணுவைப் படித்துப் பார்த்ததில் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, தென்கிழக்காசியாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தது. ஆகவே "நாங்கள் எங்கேயும் பயணம் போகவில்லையே, எங்களுக்கு எப்படி வரும்" என்று யாராவது சொன்னால், அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

கருவில் இது என்ன செய்கிறது? தாயின் ரத்தத்தில் இருக்கும் கிருமிகள் பல நஞ்சுக்கொடியைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். ஸிக்கா தாண்டிவிடுகிறது. தாண்டிப் போய், கருவின் மூளையில் நரம்பு அணுக்களாக மாற வேண்டிய இளம் அணுக்கள் இருக்கின்றனவே, பிரிந்து பிரிந்து மூளையைக் கட்டும் விதை அணுக்கள், அவற்றுக்குள் நுழைகிறது. அவை செத்துப்போகும், இல்லாவிட்டால் பிரிவதை நிறுத்திவிடும். குழந்தையின் மண்டையோடு தானாக வளருவதில்லை, உள்ளே மூளை வளர்ந்து தள்ளத் தள்ளத்தான் விரிகிறது. மூளை வளராதபோது தலை சிறுத்துப் போகிறது. மைக்ரோசெஃபலி, தமிழில் சிறுதலைக் குறைபாடு என்கிறோம். தலை சின்னதாக இருப்பது வெளியே தெரியும் அடையாளம்தான், நடந்தது மூளைக்குள். கண்ணின் விழித்திரை, காது, கைகால் மூட்டுகள் எல்லாம் பாதிக்கப்படலாம், வலிப்பு வரலாம், பால் விழுங்கவே சிரமப்படலாம். பிறக்கும்போது தலை அளவு சரியாக இருந்து, பிறகு மாதங்கள் போகப் போக வளர்ச்சி பின்தங்கும் குழந்தைகளும் உண்டு. அதனால்தான் கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குத் தொற்று இருந்தது தெரிந்தால், பிள்ளை பார்க்க நன்றாக இருந்தாலும் கண், காது, வளர்ச்சி என்று தொடர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். கர்ப்பிணிக்கு ஸிக்கா வந்தால் பிள்ளைக்குப் பாதிப்பு நிச்சயம் என்று அர்த்தமில்லை. தொற்று வந்த தாய்மார்களின் குழந்தைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வகைப் பாதிப்பு இருக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் ஆபத்து அதிகம், ஆனால் பிந்திய மாதங்களிலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் நல்லபடியாகப் பிறக்கும் என்பது ஆறுதல். மிச்சமுள்ள அந்தச் சிலருக்குத் தடுப்பூசி கிடையாது, கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது, வந்த பிறகு செய்யக்கூடியது கண்காணிப்பது மட்டும்தான். தடுப்புக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான்.

சரி, கொசுவுக்கு வருவோம். ஸிக்காவைப் பரப்பும் முக்கியக் கொசு டெங்கிக்குக் காரணமான அதே ஏடிஸ் ஈஜிப்டி. பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கும். வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கடியில், திரைச்சீலைக்குப் பின்னால், இருட்டான மூலையில் ஒளிந்துகொள்ளும். ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிக்காமல் அங்கொரு வாய் இங்கொரு வாய் என்று பலரைக் கடிக்கும் பழக்கம் இதற்கு உண்டு, ஆகவே ஒரு கொசுவே ஒரு குடும்பம் முழுவதற்கும் கொடுத்துவிட முடியும். இது முட்டையிடக் குளமோ சாக்கடையோ வேண்டாம், இருபது காசு அளவு தேங்கிய தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்.

2016 செப்டம்பர் முதல் வாரம் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு உள்ளூர ஒரு பெருமை, நம் வீட்டில் ஒன்றும் இருக்காது என்று. பூச்சாடித் தட்டு இல்லை, வாளிகள் கவிழ்த்து வைத்திருந்தேன், குளியலறை காய்ந்து கிடந்தது. அவர் நேராகச் சமையலறை சன்னலுக்குப் போய், வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி செருகும் குழாய்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நாங்கள் கழி போடுவது இரண்டு குழாயில்தான், மூன்றாவது எப்போதும் காலி, அதற்கு மூடியும் இல்லை. அதிலிருந்து ஒரு குழாயால் தண்ணீரை உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டார். நாலைந்து மயிர் போன்ற புழுக்கள் உடம்பை வளைத்து வளைத்து நீந்திக்கொண்டிருந்தன, கமா மாதிரி சுருண்ட கூட்டுப்புழு ஒன்றும் இருந்தது. அது இன்னும் இரண்டு நாளில் கொசுவாகப் பறந்திருக்கும் என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தினமும் அந்தச் சன்னலோரம் நின்றுதான் தேநீர் குடிப்பேன். அந்த அதிகாரி ஒரு மலாய் அம்மா, என் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அப்புறம் குழாய்க்கு எப்படி மூடி போடுவது என்று பொறுமையாகக் காட்டினார்.

அன்றிலிருந்து எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் என் கண் தானாகச் சில இடங்களுக்குப் போகும். நடைபாதையில் துளசி, கறிவேப்பிலை, வெற்றிலைக்கொடி வைத்திருப்போம், சாடிக்கடியில் தரை அழுக்காகாமல் இருக்கத் தட்டு வைத்திருப்போம், அந்தத் தட்டில் தண்ணீர் நிற்கும். சாடி மண்ணே இறுகிப்போனால் மேலேயே தண்ணீர் தேங்கும், அதை அடிக்கடி கிளறிவிட வேண்டும். வரவேற்பறையில் அழகுக்கு வைத்த உருளியில் பூ மிதக்கும், பூவை மாற்றுவோம், தண்ணீரை மாற்ற மாட்டோம். பூசை மாடத்தில் செம்பில் தண்ணீர். கார்த்திகைக்கு ஏற்றிய அகல் விளக்குகள் நடைபாதைச் சுவரோரம் அடுக்கியபடியே இருக்கும், டிசம்பர் மழை சாரலடித்து அதில் நிரம்பும். பழைய ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் மணி பிளான்ட். இதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் துளசி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது, ஏனென்றால் ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்த நிலையிலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும், அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரியும்.

புகை அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழே புகை வண்டி சத்தம் கேட்டால் நமக்கு ஒரு திருப்தி, வேலை நடக்கிறது என்று. பறக்கும் கொசு சாகும், உண்மைதான், ஆனால் முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது, பத்து நாளில் புதுக் கொசு வந்துவிடும். அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது வோல்பாக்கியா திட்டம். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களை வளர்த்து அடுக்குமாடிப் பகுதிகளில் விடுகிறார்கள். ஆண் கொசு கடிக்காது. அவை சாதாரணப் பெண் கொசுவோடு சேர்ந்தால் அந்த முட்டைகள் பொரிக்காது. 2016 அக்டோபரில் பிரேடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் வட்டாரங்களில் சிறிதாகத் தொடங்கியது, இன்று தீவின் பல வட்டாரங்களில் நடக்கிறது. கொசு விட்ட இடங்களில் டெங்கி வரும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஸிக்காவும் அதே கொசு வழியாகத்தான் வருகிறது என்பதால் அதற்கும் பலன் இருக்க வேண்டும். "அரசாங்கமே கொசு விடுகிறது" என்று வாட்ஸ்அப்பில் கோபப்படுகிறவர்கள், அது எந்தக் கொசு என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் கோபப்படலாம்.

உடம்பில் பூசும் கொசு விரட்டி விஷயத்தில் நம் பெரியவர்களுக்கு ரசாயனப் பயம் அதிகம், வேப்பெண்ணெய் பூசு, எலுமிச்சைப்புல் எண்ணெய் போதும் என்பார்கள். வாசனை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் பலன் போய்விடும். டீட், பிகாரிடின், ஐஆர்3535 இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று புட்டியில் பாருங்கள், அட்டையில் சொல்லியிருக்கிறபடி பூசினால் கர்ப்பிணிகளுக்கும் இவை பாதுகாப்பானவை. தாய்லாந்து, மியன்மார் எல்லையில் மலேரியாவைத் தடுக்கக் கர்ப்பிணிகள் நாள்தோறும் டீட் பூசிக்கொண்ட ஓர் ஆய்விலும் தாய்க்கோ பிள்ளைக்கோ கெடுதல் தெரியவில்லை. வெயில் களிம்பு போடுவதாக இருந்தால் முதலில் அது, அதற்கு மேல் கொசு விரட்டி. கணுக்காலை மறக்க வேண்டாம், ஏடிஸ் அங்கேதான் தேடி வரும். வளைகாப்புக்குப் பட்டுச்சேலை கட்டி மாலையில் கோயில் மண்டபத்தில் உட்கார வைக்கும்போது கை, கால், இடுப்பு எல்லாம் திறந்திருக்கும், யாராவது ஒருவர் நினைவாக மருந்தைக் கையில் கொடுத்தால் நல்லது. இரண்டு மாதம் ஆகாத பச்சைக் குழந்தைக்கு டீட் பூசக் கூடாது, வலை போடுங்கள்.

இனி வருவதுதான் நம்மவர்கள் பேசத் தயங்கும் பகுதி. ஸிக்கா உடலுறவு வழியாகவும் பரவும். ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பரவுவதுதான் அதிகம், பெண்ணிடமிருந்து ஆணுக்கும் பரவியிருக்கிறது. ரத்தத்தை விட்டு ஒரு வாரத்தில் போய்விடும் கிருமி, விந்தில் மட்டும் பல வாரம் தங்குகிறது. அறிகுறி ஒன்றுமே இல்லாத ஆணிடமிருந்தும் மனைவிக்குத் தொற்றியிருக்கிறது. இதை யோசித்துப் பாருங்கள், மனைவி வீட்டைத் துடைத்து, தண்ணீரைக் கொட்டி, மருந்து பூசி, முழுக்கை சட்டை போட்டு இருக்கிறாள், கணவருக்கு இரண்டு வாரம் முன்பு வேலையிடத்தில் ஒரு கொசு கடித்திருக்கிறது, அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆகவே ஸிக்கா உள்ள பகுதியில் வசித்தாலோ அங்கே போய்வந்திருந்தாலோ, மனைவி கர்ப்பமாக இருக்கும் காலம் முழுக்க ஆணுறை பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் உறவைத் தவிர்க்க வேண்டும். ஆணுறை என்றதும் கணவர்மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, கொசு கடித்ததற்கும் ஒழுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

என் வீட்டிலேயே இதைப் பேச எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மகப்பேற்று மருத்துவர்தான் கடைசியில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, மூன்றே வாக்கியத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். என் கணவர் வெளியே வந்து, "இதை என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான். கர்ப்பமான பிறகு ஆணுறை எதற்கு என்ற எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது, அதைக் கருத்தடைக்கு மட்டுமே என்று பழகிவிட்டோம். முதல் பரிசோதனைக்குக் கணவரும் கூடப் போவது இதற்காகவாவது நல்லது.

பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஸிக்கா உள்ள இடத்துக்குப் போய்த் திரும்பிய ஆண் மூன்று மாதமும், பெண் இரண்டு மாதமும் கர்ப்பத்தைத் தள்ளிப்போட்டு ஆணுறை பயன்படுத்துவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இருவரும் சேர்ந்து போயிருந்தால் நீண்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது மூன்று மாதம். நோய் வந்து தெரிந்திருந்தாலும் இதே கணக்கு, அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். கல்யாணமாகி நாலைந்து வருடம் காத்திருப்பவர்களுக்கு, கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் என்பது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும், அவர்கள் பயணத் தேதியையே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது மேல். ஒரு முறை தொற்று வந்து கிருமி முழுக்க நீங்கிய பிறகு, அடுத்த கர்ப்பங்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. இதை நினைத்துப் பயந்துகொண்டே இருக்கும் பெண்கள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஊருக்குப் போவது பற்றியும் அந்தத் தங்கை, முதலில் சொன்ன என் சித்தி மகள், கேட்டாள். அவள் கணவருக்கு நாகர்கோவில், தாத்தாவின் திதிக்குப் போயே ஆக வேண்டும். இந்தியாவில் ஸிக்கா இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2017இல் அகமதாபாத்திலும் அதே ஆண்டு தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கண்டறிந்தார்கள். 2018இல் ஜெய்ப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 2021 ஜூலையில் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், கன்னியாகுமரி எல்லையை ஒட்டிய பகுதியில், முதலில் தெரியவந்தது ஒரு கர்ப்பிணிக்கு. 2024இல் புனே. இன்றைக்கு நாகர்கோவிலில் பரவுகிறது என்று நான் சொல்லவரவில்லை. ஐந்தில் நாலு பேருக்குத் தெரியாமலே வந்து போகும் நோயில், செய்தியில் வராததை வைத்து அங்கே இல்லை என்று முடிவு கட்ட முடியாது, அவ்வளவுதான். கர்ப்பிணி போவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும், முடிந்தால் தள்ளிப்போடட்டும். கணவர் மட்டும் போனால், அங்கே இருக்கும்வரை பகலிலும் மருந்து பூச வேண்டும், திரும்பி வந்த பிறகும் மூன்று வாரம் பூச வேண்டும். வந்த பிறகு எதற்கு என்று அவர் கேட்டாராம். அவர் ரத்தத்தில் கிருமி இருந்தால் அவரைக் கடிக்கும் நம்மூர்க் கொசு அதை எடுத்துக்கொண்டு அதே புளோக்கில் இன்னொரு கர்ப்பிணிக்குக் கொடுத்துவிடும், அதற்குத்தான். ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் கழிவறையை மூடி, தரை வடிகால்களை அடைத்து, சாடித் தட்டுகளை எடுத்துவிட்டுப் போங்கள்.

கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் தம்பிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2016இல் முதலில் கிடைத்த 41 பேரில் பெரும்பாலோர் அவர்கள்தான் என்றதும் அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று பேசினவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் பகல் முழுக்க நின்று கடி வாங்கியவர்கள் அவர்கள், அதுதான் நடந்தது. காய்ச்சல் என்று சொன்னால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமோ என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் பையன்களை நான் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு இங்கே குடும்பம் இல்லை, ஆனால் விடுப்பில் ஊருக்குப் போனால் அங்கே மனைவி இருக்கிறாள், அந்த மூன்று மாதக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். இதை அவர்களுக்குத் தமிழில் யாராவது சொல்ல வேண்டும். உங்கள் தளத்தில் தமிழ்த் தம்பிகள் இருந்தால் நீங்களே சொல்லலாம்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு தடிப்பு, கண் சிவப்பு, மூட்டு வலி இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், நீங்களோ கணவரோ எங்கே போய்வந்தீர்கள், பக்கத்தில் யாருக்கு இப்படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ரத்தத்திலும் சிறுநீரிலும் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்வார்கள். ரத்தத்தில் ஒரு வாரம் போல, சிறுநீரில் இரண்டு வாரம் வரை அகப்படும், தாமதித்தால் தவறிவிடும். அதற்குப் பிறகு, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பணுவைத் தேடும் சோதனைதான், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மூரில் டெங்கி வந்து போனவர்கள் ஏராளம், 2020 ஒரே ஆண்டில் 35,000 பேருக்கு மேல். இரண்டு கிருமியும் பங்காளிகள் என்பதால் பழைய டெங்கியின் எதிர்ப்பணு ஸிக்கா மாதிரியே காட்டிவிடும். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

தொற்று உறுதியானால் அடுத்தடுத்த ஸ்கேன்களில் தலையின் சுற்றளவையும் மூளையின் அமைப்பையும் பார்த்துக்கொண்டே வருவார்கள். எல்லோருக்கும் இருபதாவது வாரத்தையொட்டி எடுக்கும் விரிவான ஸ்கேன் இதில் முக்கியம், ஆனால் சில மாற்றங்கள் அதற்குப் பிறகுதான் தெரியும் என்பதால் ஒரு ஸ்கேனோடு முடிந்துவிடாது. பிறந்த பிறகு தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும், அதை நிறுத்தச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள்.

2016இல் இங்கே 450 பேருக்கு மேல் வந்தது, 2017இல் 67, அதற்கடுத்த ஆண்டு ஒன்றே ஒன்று. முடிந்துவிட்டது என்று தோன்றும். 2023 கடைசியில் கோவன் வட்டாரத்திலும் 2024 நடுவில் பூன் லே பிளேஸ் வட்டாரத்திலும் கழிவுநீரில் ஸிக்காவின் தடயம் இருப்பதை மறுபடி கண்டுபிடித்தார்கள். நோயாளி மருத்துவரிடம் வராவிட்டாலும் சிறுநீர் கழிக்காமல் இருக்க முடியாது, அதில் வெளியேறும் கிருமியின் துணுக்குகளைச் சாக்கடைக் குழாயிலேயே பிடிக்கிறார்கள். உடம்பு காட்டிக்கொடுக்காத நோய்க்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வட்டாரத்தின் பெயர் வந்தால், அங்கே இருக்கும் எல்லோரும், பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களும்கூட, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது.

தங்கையின் கணவர் நாகர்கோவில் போய்த் திரும்பிவிட்டார். சாங்கி விமான நிலையத்திலிருந்து வந்த அன்றே அவள் ஒரு படம் அனுப்பினாள். வாசலில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல் கொசு விரட்டிப் புட்டி, அதில் ஒட்டிய தாளில் அவர் கையெழுத்தில் மூன்று வாரம் முடியும் தேதி. "மத்ததுக்கு அவரே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டார் அக்கா" என்று கீழே எழுதியிருந்தாள். விரிவான ஸ்கேனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, இருவரும்தான் போகிறார்கள்.